அருவி கீழே விழலாம்; சிரிப்புமா?

பண்ணையார் பல் தெரியச் சிரிப்பார்; பண்ணையாள் வாய் பொத்திச் சிரிக்க வேண்டும். பண்ணையாரின் சிரிப்புக்குக் காரணம் பண்ணையாளின் கிழிந்த வேட்டியாக இருக்கும். அப்போதும் அவன் சிரித்தாக வேண்டும். சிரிக்காவிட்டால் "பயலுக்குத் திமிர்" என்ற பட்டம் கிடைக்கும்; பட்டத்தின் பின்னே சாட்டையும் வரும். நிலத்தைப் பங்கிட்டது போல, நீரைப் பங்கிட்டது போல, நம் நாட்டார் சிரிப்பையும் பங்கிட்டனர். சிரிக்கும் உரிமை ஒரு சாராருக்கு. சிரிக்கப்படும் கடமை மறு சாராருக்கு!

பண்ணை போயிற்று, சாட்டை போயிற்று என்கின்றனர். அந்தச் சிரிப்பும் போயிற்றா? அதனைக் கண்டறிய ஒரு மாலைப்பொழுதையும் ஐந்நூறு ரூபாயையும் நாம் செலவிட நேர்ந்தது.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. அங்குள்ள ஏரி நிரம்பி வழியும் நீர், பள்ளத்தாக்கை நோக்கி ஓடி, பாறை முகட்டிலிருந்து ஏறத்தாழ முந்நூறு அடி குதிக்குமிடம் கிளியூர் அருவி. கோடையில் மலை காண வருவோர் கூட்டம் அங்கே மொய்க்கும். தோழர் சிலருடன் நாமும் சென்றிருந்தோம். மே மாதமாதலால் அருவி நூலாக இளைத்திருந்தது. மேலேறி வந்தபோது, விடுதி ஒன்றின் வாயிலில் அறிவிப்புப் பலகை: இன்று மாலை, தனி நடிகர் ஒருவரின் நகைச்சுவை அரங்கு.

'ஸ்டாண்ட்-அப் காமெடி' என்று இளைஞர்கள் கூறுகின்றார்களே, அதுதான். ஓர் ஆள், ஓர் ஒலிவாங்கி, ஒரு முக்காலி, குடிக்க ஒரு புட்டி தண்ணீர். திரை இல்லை, ஒப்பனை இல்லை, பின்பாட்டு இல்லை. ஒன்றேகால் மணி நேரம் ஒருவரே பேசுகிறார். ஒருவரே பத்துப் பேராகிறார். வந்திருந்தவர் திறமைசாலி. அதை மறைப்பானேன்? திருமணப் பந்தியில் சாப்பிடுபவரின் முதுகுக்குப் பின்னால் இடம்பிடிக்க நிற்கும் மனிதனாக அவர் நின்றார். இலையில் பாயசம் எப்போது விழும், இவர் எப்போது எழுவார் என்று கண்களாலேயே கணக்கிட்டார். அரங்கம் குலுங்கியது. நாமும் விலா நோகச் சிரித்தோம். வங்கியில் கடன் கேட்கப் போனவன் பேனாவைக்கூடக் கயிற்றில் கட்டி வைத்திருக்கும் நம்பிக்கையைக் கண்டு வியந்ததை நடித்தார். அருமை! அந்த அளவில் நின்றிருந்தால் வாழ்த்திவிட்டு வந்திருப்போம்.

நிற்கவில்லை. மனைவி பருத்த கதை வந்தது. கறுத்த நிறத்து நண்பனை இருட்டில் தேடிய கதை வந்தது. சிற்றூர்ப் பையன் ஆங்கிலம் பேசிய கதை வந்தது. இவையெல்லாம் பழைய சரக்கு. மூட்டை மட்டும் புதிது. அதற்கிடையே, முன்வரிசையில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவரை நோக்கி, "சார், நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார். இளைஞர் ஏதோ கணினி நிறுவனத்தின் பெயரைச் சொன்னார். "சூப்பர் சார்" என்று கூறி, மெல்ல ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு விட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தேநீர்த் தட்டுடன் விடுதிப் பணியாளர் ஒருவர் ஓரமாக வந்தார். வயது நாற்பதுக்குக் குறையாது.

"தம்பி! நில்லு. நீ எந்த ஊரு?"

"இதே கிளியூருங்க."

"பேரு வேண்டாம்... நீங்கள்லாம் என்ன ஆளுங்க?"

"மலையாளிங்க."

அவ்வளவுதான். அரங்கு வெடித்தது. நடிகர் உடனே மூக்கால் ஒரு மலையாளம் பேசினார். "சேட்டா, புட்டும் கடலையும் உண்டோ?" என்றார். "கேரளாவுல இருந்து இவ்வளவு தூரம் தட்டு தூக்கவா வந்தே?" என்றார். "காட்டுல கரண்டு வந்துடுச்சா, இல்ல இன்னும் கரடிகிட்டதான் தீப்பெட்டி கேக்கறீங்களா?" என்றார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வெடிச் சிரிப்பு. அந்த மனிதரும் சிரித்தார். கையிலிருந்த தட்டில் கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று உரசி ஓசையிட்டன. விடுதி மேலாளர் பின்னால் நின்றிருந்தார்; சிரிக்காமல் இருக்க அவருக்கு உரிமை ஏது?

தோழர்களே, அந்த இரண்டு சொற்களைக் கவனியுங்கள். சீட்டு வாங்கிய இருபத்தைந்து வயதுக்கு 'சார், நீங்க'. தட்டு ஏந்திய நாற்பது வயதுக்கு 'தம்பி, நீ'. நடிகர் இதை எண்ணிப் பார்த்துச் செய்தார் என்று நாம் கூறவில்லை. எண்ணாமலே வந்தது என்பதுதான் வேதனை. வருணத்தை மனு நூலில் தேடிக்கொண்டிருக்கிறோம். அது விகுதியில் ஒளிந்திருக்கிறது.

'மலையாளி' என்றதும் கைகொட்டினார்களே, அரங்கத்தாரில் எத்தனை பேருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும்? சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகிய மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் பழங்குடி மக்களின் பெயர் அது. தமிழ்நாட்டுப் பழங்குடியினருள் எண்ணிக்கையில் முதலிடம் அவர்களுக்கே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பியர் மூவர் வந்து மலைகளில் குடியேறினர் என்றொரு கதை அவர்களிடையே உண்டு. கதையைக் கதையாகவே கொள்வோம். ஆனால் அந்தக் கதைகூடக் கேரளத்தைக் காட்டவில்லை! 1820களில் காக்பர்ன் என்னும் ஆங்கிலக் கலெக்டர் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகின, துரைகளின் பங்களாக்கள் எழுந்தன, மலையின் மக்கள் பலர் தம் மலையிலேயே கூலிகளாயினர். பின்னர்த் துரைகள் போயினர், விடுதிகள் வந்தன. காப்பிக் கூடை போய்த் தேநீர்த் தட்டு வந்தது. இவ்வளவு வரலாறும் நின்றுகொண்டிருந்தது அந்த ஓரத்தில். நடிகரின் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு சொல் மட்டும், அதுவும் பிழையாக.

"ஏன் இவ்வளவு சினம்? வெறும் சிரிப்புத்தானே?" என்பர் சிலர். வெறும் சிரிப்பு என்று உலகில் ஒன்று உண்டா? இருந்திருந்தால், நாடாள்வோர் நாடகக்காரனைக் கண்டு ஏன் நடுங்கினர்? அதற்குப் பிறகு வருவோம். முதலில், தனி ஒருவர் நின்று நகைக்கும் இந்தக் கலை மேனாட்டு இறக்குமதி, ஆகவே அது இப்படித்தான் இருக்கும் என்று முகம் சுளிப்போருக்கு ஒரு சொல். மேனாட்டுப் பெயர் சூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். நமக்குத் தெரியாத கலை அன்று.

நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் இருக்கிறான். முடி தரித்து, புயக்கட்டை அணிந்து, மன்னன் பாட்டோடு வருவான். அவன் வருகையை அறிவிக்க வேண்டிய கட்டியக்காரனே, அவனை யாரென்று தெரியாதவன் போல, "யாருய்யா நீ? எந்த ஊரு? எதுக்கு இங்க வந்தே?" என்று ஊர்ப் பேச்சில் வினவுவான். மன்னன் தன் பெயரையும் நாட்டையும் குடியையும் ஒப்பித்தாக வேண்டும். கிளியூரில் கேட்ட அதே வினாக்கள்தாம்! அங்கே மன்னனை நோக்கிக் கேட்கப்பட்டன. இங்கே தட்டு ஏந்தியவரை நோக்கிக் கேட்கப்பட்டன. அங்கே 'நீ' என்ற சொல் கீழிருந்து மேலே எறியப்பட்ட கல்; இங்கே மேலிருந்து கீழே உருட்டப்பட்ட பாறை. கட்டியக்காரன் குறையற்றவன் அல்லன். பெண்டிரைப் பற்றி அவன் பேசும் பேச்சில் பாதியை நாம் ஏற்கமாட்டோம். எனினும், முடியைக் கண்டு முதுகு வளைக்காத ஒருவனை ஊர் நடுவே இரவு முழுதும் நிறுத்தி வைத்த பெருமை அந்தக் கலைக்கு உண்டு.

அண்டை நாடாம் கேரளத்தில் சாக்கியார் கூத்து. அதுவும் தனி ஆளின் நகை நாடகம்தான். மிழாவு முழங்கும், சாக்கியார் தனியே நின்று புராணக் கதை விரிப்பார், விரித்துக்கொண்டே, அவையில் அமர்ந்திருப்பவரைக் கதையில் இழுத்துவந்து கிண்டல் செய்வார். அரசனே அமர்ந்திருந்தாலும் வாய் திறந்து மறுக்கக் கூடாது என்பது மரபு. என்ன துணிவு, என்ன உரிமை என்று வியக்கத் தோன்றுகிறதன்றோ? வியப்பதற்கு முன் வாயிலைப் பாருங்கள். கூத்து நடந்தது கோயில் மதிலுக்குள், கூத்தம்பலத்தில். கோயிலுக்குள் நுழையத் தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை. அரசனைக் கிண்டல் செய்யும் உரிமை அரசனுக்கு வேண்டியவர்களின் நடுவே மட்டும்! வீட்டுக்குள் நடந்த விளையாட்டுச் சண்டை அது. பைங்குளம் இராமச் சாக்கியார் என்ற கலைஞர், 1949இல், கூத்தைக் கோயிலுக்கு வெளியே நிகழ்த்தினார். எத்தனை நூற்றாண்டுக் காலத்துக் கலை, கதவைத் தாண்ட எத்தனை காலம் எடுத்துக்கொண்டது!

அதே 1949ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்தது வேறொன்று.

ஏற்காட்டு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படப்பிடிப்புக் கோட்டை இருந்தது. இன்று அதன் நுழைவாயில் வளைவு மட்டும் சாலையோரத்தில் நிற்கிறது. அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் காலத்துத் திரை முகங்கள் நினைவுக்கு வரும். அன்றிரவு மலையிறங்கியபோது நம் நினைவுக்கு வந்தவர், அங்கே எடுக்கப்படாத ஒரு படத்தில் தோன்றிய கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். படம் 'நல்லதம்பி'. கதை, அண்ணாதுரையுடையது, இயக்கம், கிருஷ்ணன் – பஞ்சு. அந்தப் படத்தில்தான் அவருடைய 'கிந்தனார்' காலட்சேபம் வருகிறது.

காலட்சேபம் என்பது என்ன? பாகவதர் ஒருவர் நிற்பார், கையில் சப்ளாக்கட்டை, பக்கத்தில் வாத்தியம். அவரே பாடுவார், அவரே பேசுவார், அவரே தேவனாவார், அசுரனாவார், இடையிடையே நகைச்சுவைத் துணுக்கும் உதிர்ப்பார். ஆக, தனி ஆளின் அரங்கு. அந்த மேடை யாருடையது என்பதை இளைஞர்களுக்கு விளக்க வேண்டுமா? புராணத்தைப் புகட்ட ஏற்பட்ட மேடை. பூணூலுக்கு உரிமையாய் இருந்த மேடை. அந்த மேடையில் விருப்பத்தோடு விரிக்கப்பட்ட கதைகளுள் ஒன்று நந்தனார் கதை. பெரிய புராணத்தில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனைகளாக்கியது. 1942இல் தண்டபாணி தேசிகர் நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது. சேரியில் பிறந்தவன் தில்லையைக் காணத் துடிக்கிறான்; ஆண்டையிடம் கெஞ்சுகிறான்; கடைசியில் தீயில் மூழ்கித் 'தூய்மை' பெற்றபின் கோயிலுக்குள் போகிறான். கேட்டவர் கண்ணீர் விட்டனர். கண்ணீர் விட்டவர்களில் எத்தனை பேர், தீ எதற்கு என்று கேட்டனர்?

கலைவாணர் கேட்டார். கோபித்துக் கேட்கவில்லை; குலுங்கக் குலுங்கச் சிரிக்கவைத்துக் கேட்டார். பாகவதரின் கோலத்தைத் தாமே பூண்டார். பாகவதரின் மெட்டையும் இழுப்பையும் எடுத்தார். நந்தனைக் கிந்தனாக்கினார். நந்தன் தில்லைக்கு ஏங்கினான். கிந்தன் படிப்புக்கு ஏங்குகிறான். நந்தனுக்குத் தீ, கிந்தனுக்கு இரயில்! சிற்றூர்ப் பள்ளியில் சாதி சொல்லி வதைக்கப்பட்ட சிறுவன் நகரம் செல்கிறான், படிக்கிறான், பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாகத் திரும்பி வருகிறான். தம் அதிகாரியாக வந்து நிற்கும் கிந்தனின் முன்னே, அன்று வதைத்தவர்கள் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சிரிப்பு எங்கே விழுகிறது பாருங்கள். கிந்தனின் கறுப்பில் விழவில்லை, அவன் கந்தலில் விழவில்லை, அவன் பேச்சில் விழவில்லை. அவனைத் தள்ளி நிறுத்தியவரின் தடுமாற்றத்தில் விழுகிறது. கொட்டகையின் தரைப் பகுதியில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்தவன் முதன்முறையாகத் தன்னைப் பற்றிய கதையில் வாய் பொத்தாமல் சிரித்தான். அதே நேரத்தில், சோபாவில் அமர்ந்திருந்த ஆசாரத்தவரும் சிரித்துவிட்டார். சிரித்தபின்தான் எதற்குச் சிரித்தோம் என்று புரிந்திருக்கும்! ஆயிரம் சொற்பொழிவு செய்ய முடியாத வேலை அது. சொற்பொழிவாளர் கூட்டத்தைச் சேர்ந்த நாமே இதை ஒப்புக்கொள்கிறோம்.

அந்தக் கலைஞர் யார் என்பதையும் எண்ணுங்கள். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்தவர், வறுமையில் வளர்ந்தவர். புகழின் உச்சியில் இருந்தபோது, இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இன் இறுதியில் கைதானார், தண்டனை பெற்றார், மேல்முறையீட்டில் 1947இல் விடுதலையானார். சிறைக் கதவைத் தாண்டி வந்தவர் மனத்தில் கசப்பு ஊறியிருந்தால் யார் குறை கூறுவர்? வெளிவந்தவர் கையில் எடுத்தது சப்ளாக்கட்டையை. 1957இல் அவர் மறையும்வரை, அவர் நகைச்சுவையால் ஓர் ஏழை அவமானப்பட்டு வீடு திரும்பினான் என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை.

இதனைப் போன்ற ஒன்றை இத்தாலியில் தாரியோ ஃபோ செய்தார். 1969இல் தொடங்கிய அவருடைய தனி நடிப்பு நாடகம் 'மிஸ்தேரோ புஃப்போ'. கறுப்புச் சட்டை அணிந்த ஓர் ஆள், வெறும் மேடை. நாட்டுப்புறக் கோமாளிகள் ஏசுநாதர் கதைகளை உழவனின் கண்கொண்டு சொல்லிவந்த பழைய முறையை உயிர்ப்பித்தார். தொழிற்சாலையிலும் விளையாட்டுத் திடலிலும் நடித்தார். 1977இல் தொலைக்காட்சியில் காட்டியபோது வாட்டிகன் கொதித்தெழுந்தது. பாகவதர் மேடையைப் பாகவதருக்கு எதிராகத் திருப்பியது போல, பாதிரியார் கதையைப் பாதிரியாருக்கு எதிராகத் திருப்பினார். 1997இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. நம் கலைவாணருக்கு நாம் என்ன தந்தோம் என்ற கணக்கை இங்கே எடுக்கவில்லை. எடுத்தால் ஏடு போதாது.

மேல்நோக்கிச் சிரித்தால் என்ன நேரும் என்பதற்கு வருவோம். 1876இல் வேல்ஸ் இளவரசரைத் தம் வீட்டுக்கு அழைத்து உபசரித்த வங்கப் பெரியவர் ஒருவரைக் கல்கத்தாவில் நாடகக்காரர்கள் கேலி செய்தனர். ஆங்கில அரசு உடனே நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. ஆங்கிலேயன் போனான். எம். ஆர். இராதாவின் இராமாயண நாடகத்தைக் கண்டு மிரண்ட சென்னை அரசு 1954இல் தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் இயற்றிக்கொண்டது. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் காட்டு, அனுமதி பெறு, பிறகு நடி! அந்தச் சட்டத்தின் முதன்மைப் பிரிவுகள் செல்லாதவை என்று சென்னை உயர்நீதிமன்றம் கூறியது எப்போது தெரியுமா? 'பரீக்ஷா' நாடகக் குழுவின் ஞாநி வழக்காடியபின், 2013இல். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்!

சட்டம் போனால் என்ன, தடி இருக்கிறதே. 2021ஆம் ஆண்டின் முதல் நாள், இந்தூரில் முனாவர் ஃபாரூக்கி என்ற இளைஞர் கைதானார். உச்சநீதிமன்றம் பிணை வழங்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறையிலிருந்தார். 2025 மார்ச்சில் குணால் காம்ரா, மராட்டியத்தின் துணை முதலமைச்சரைக் கேலிப் பாட்டால் குத்தினார் என்பதற்காக, அவர் பேசிய மும்பை அரங்கை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. அவர் விழுப்புரம் மாவட்டத்தில் வசிப்பவராதலால், சென்னை உயர்நீதிமன்றத்தில்தான் இடைக்கால முன்பிணை பெற்றார். ஒரு பாட்டு! அதற்கு ஒரு படை!

கிளியூர் அரங்கை யார் நொறுக்கினார்? நொறுக்க வேண்டும் என்றா கேட்கிறோம்? இல்லை, இல்லவே இல்லை. பட்டும் படாமலும் சொல்லிவிட்டால், நாளைக்கு இந்தக் கட்டுரையையே காட்டி, "பார்த்தீர்களா, இவர்களும் தணிக்கை கேட்கிறார்கள்" என்பார்கள். ஆகவே தெளிவாகக் கூறுகிறோம். அந்த நடிகர் மீது வழக்கு வேண்டாம். அவர் வாய்க்குப் பூட்டு வேண்டாம். காவல்துறை நண்பர் அரங்கின் ஓரத்தில் குறிப்பேட்டோடு நிற்கவும் வேண்டாம். மாற்றுத்திறனாளரைக் கேலி செய்த நகைச்சுவையாளர் சிலரை மன்னிப்புக் கேட்குமாறு 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் கூறியது. புண்பட்டவருக்கு அது ஆறுதலாக இருக்கலாம். ஆனால் நீதிமன்றம் இன்று கீழே உள்ளவருக்காகப் பிடிக்கும் கோலை, நாளை மேலே உள்ளவர் பிடுங்கிக்கொள்வார். பழைய நாடகச் சட்டங்களின் வரலாறு அதைத்தானே கூறுகிறது?

நாம் பேசுவது நடிகரோடு அன்று, நாற்காலியில் இருந்தவர்களோடு. இரு நூறு பேர் இருந்தனர். படித்தவர்கள், சமத்துவம் என்ற சொல்லைக் கேட்டால் கைதட்டுபவர்கள். சிரிப்பு வரவில்லை என்றால் தனி நடிகன் என்ன செய்வான்? நாடகத்தில் ஒருவன் சறுக்கினால் மற்றவன் தாங்குவான். தனி நடிகனுக்குத் துணை, அரங்கின் சிரிப்பு ஒன்றே. அது நின்றுவிட்டால், வியர்த்துப்போவான். அடுத்த ஊரில் அந்தத் துணுக்கைச் சொல்லமாட்டான். எவ்வளவு எளிய தணிக்கை! சட்டம் வேண்டாம், தடி வேண்டாம், முழக்கம் வேண்டாம். இரு நூறு வாய்கள் மூடியிருந்தால் போதும். திறந்திருந்தன.

இன்னொரு நியாயமும் உண்டு. நாடகத்தில் கேலிக்கு ஆளானவன் பாத்திரமாக மேடையில் நிற்பான். அவனுக்கும் ஒரு மறுமொழி எழுதப்பட்டிருக்கும். தனி அரங்கில் ஒலிவாங்கி ஒன்றே. அது ஒருவர் கையிலேயே இருக்கிறது. கேலிக்கு ஆளானவர் கையில் தேநீர்த் தட்டு. ஒருவர் கையைக் கட்டிவிட்டு மற்றவரைக் குத்துச்சண்டைக்கு விடும் பந்தயத்தை வீரம் என்று யாரேனும் கூறுவரா? ஒலிவாங்கியைப் பிடித்திருப்பவர், அதைப் பிடிக்க முடியாதவரைத் தொடாமல் இருப்பது கலையின் குறைந்தபட்ச நாணயம். முன்வரிசை இளைஞரை எவ்வளவு வேண்டுமானாலும் வாட்டட்டும். அவர் திருப்பிச் சொல்வார், எழுந்துபோவார், காசைத் திருப்பிக் கேட்பார். தட்டு ஏந்தியவர் எழுந்துபோனால் வேலை போகும்.

"பிறகு எதை வைத்துத்தான் சிரிக்க வைப்பது?" என்று கேட்பார்களாம். சிரிக்க வைக்கப் பொருளா இல்லை இந்த நாட்டில்? காட்டைக் காணக் காரில் ஏறி வந்து, காரை விட்டு இறங்காமலே கைப்பேசியில் காட்டைப் படமெடுத்துத் திரும்பும் கனவான் இருக்கிறார். அருவியின் அழகைப் புகழ்ந்துகொண்டே அதன் மேல் நெகிழிப் புட்டியை எறியும் இயற்கை அன்பர் இருக்கிறார். காப்பித் தோட்டத்தில் கூலி உயர்வு என்றதும் விலை வீழ்ச்சி பேசி, விலை உயர்ந்ததும் ஊமையாகும் முதலாளி இருக்கிறார். விண்கலம் ஏவும் முன் கோயிலுக்குச் சென்று மாதிரியை வைத்து வணங்கும் விஞ்ஞானி இருக்கிறார். எடுத்தாளக் கலைஞன் வேண்டும், சரக்குக்குப் பஞ்சமில்லை.

பகுத்தறிவு இளைஞர்களே, இதை உங்களிடமே கேட்கிறோம். நாடகம் போடப் பணம் இல்லை என்று மன்றங்கள் மூடிக்கிடக்கின்றன. திரைச்சீலை வாடகை, ஒப்பனைக்காரர் கூலி, பத்துப் பேருக்குச் சாப்பாடு என்று கணக்குக் காட்டிக் கைவிரிக்கிறீர்கள். இந்தக் கலைக்கு இவை ஒன்றும் வேண்டாமே! ஒரு வாய், ஒரு மூளை, நிற்க ஒரு பலகை. படிப்பகத்துத் திண்ணை போதும். விடுதி மண்டபத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு விற்கும் இதைக் கிளியூரின் தெருவில் காசின்றி நடத்த என்ன தடை? மலையாளிக் குடும்பங்களில் படித்து வந்த இளைஞரும் நங்கையரும் இன்று இருக்கின்றனர். சுற்றுலாக் கூட்டத்தை ஆண்டு முழுதும் கூர்ந்து கவனித்தவர்கள் அவர்கள். அவர்கள் மனத்தில் எத்தனை கிந்தனார் கதைகள் கிடக்கின்றனவோ! அவர்கள் மேடையேறட்டும். முன்வரிசையில் நாம் அமர்வோம். "சார், நீங்க எந்த ஊரு?" என்று அவர்கள் கேட்கட்டும், நாம் விழித்துக்கொண்டு விடை சொல்வோம்.

அப்படி மேடையேறுவோருக்கு ஒரு சரக்கு மூட்டையை இப்போதே தந்துவிடுகிறோம். முதல் நிகழ்ச்சியில் நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் சாதி ஒழிப்பு முழங்கிவிட்டு, மகளுக்கு வரன் தேடும் விளம்பரத்தில் உட்பிரிவுவரை அச்சிடும் தோழர் இருக்கிறார். கறுப்புச் சட்டையோடு கூட்டம் முடித்து வந்து, புதுமனை புகுவிழாவுக்கு மட்டும் "வீட்டுக்காரி வற்புறுத்தினாள்" என்று நல்ல நேரம் பார்த்தவர் இருக்கிறார். ஆண்டில் பத்து மாதம் பெண்ணுரிமை பேசி, கூட்டம் முடிந்து வரும் பத்துப் பேருக்கும் நள்ளிரவில் தோசை வார்க்கச் சொல்லித் துணைவியாரை எழுப்பும் செயலாளர் இருக்கிறார். அவர் கேட்பது எப்போதும் முறுகலாக.